மேஸ்திரியின் வடிகால்

கடலோரத்துச் சதுப்பு நிலம் அது. விறகு கிடைக்காத அந்த ஊரில் மண்தான் எரியும். புல்லும் வேருமாக மக்கிக் கறுத்துக் கிடக்கும் மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி, காயவைத்து, சூளைகளுக்கு விற்றுத்தான் ஊரே சாப்பிட்டது. இனி வெட்டக் கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. வடிகால்களை அடைத்து நிலத்தை மறுபடி நனைத்தால் கூலி தருகிறோம் என்றும் சொன்னது.

மண் வெட்டும் கூட்டத்துக்கு மேஸ்திரி கொம்பையா. அந்த இரண்டாவது சேதி அவர் காதில் ஏறவே இல்லை. மனிதர் நல்லவர்தான், பிடிவாதத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

நகரத்து வேலைக்கு ஆள் ஏற்றிப்போக மறுநாள் லாரி வருவதாக இருந்தது. போவதா, இருப்பதா என்று கூட்டம் முழுக்க அவர் முகத்தையே பார்த்தது. கொம்பையா தன் குரு அமுதவல்லி அம்மையாரிடம் வந்தார். அம்மையார் அவரைவிட இளையவர். அதனால் என்ன, கொம்பையா குனிந்துதான் கும்பிடுவார்.

"இந்த மண்ணுல இனி எங்களுக்கு என்ன வேலை இருக்கு தாயி?"

"இன்னிக்குக் காலையில என்ன வேலை பாத்தீங்க மேஸ்திரி?"

"என்னத்தப் பாக்க? வழக்கம்போல வடிகாலைத் தூர்வாருனோம்."

"எதுக்கு?"

"தண்ணி வடியத்தான். தண்ணி நின்னா மண்ணு வெட்ட முடியுமா?"

"வெட்டப் போறீங்களா?"

வெட்டு நின்று மாதக்கணக்காகிறது. ஆனாலும் விடிந்ததும் மண்வெட்டியும் கையுமாக வடிகாலில் இறங்குவது அவர்களுக்குப் பல் துலக்குவது மாதிரி. எதற்கென்று ஒருத்தரும் கேட்டதில்லை.

அம்மையார் எழுந்து நேராக வடிகாலுக்குப் போனார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். கரைச் சேற்றை அள்ளி ஓட்டத்துக்குக் குறுக்கே போட்டார்.

"தாயி, அது எங்க அப்பா வெட்டுனது!"

அம்மையார் இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார். தண்ணீர் அதை அரித்துக்கொண்டு போனது. மறுபடி போட்டார். அதுவும் போனது. அம்மையார் நிறுத்துவதாக இல்லை.

கொம்பையாவுக்குக் கோபம் வந்தது. கூடவே கை பரபரத்தது. எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்?

"அங்க போட்டா எப்படி நிக்கும்? அடியில பூரா மணலு. இப்படி மேல வாங்க, இங்கதான் களிமண்ணு இருக்கு."

சொல்லிக்கொண்டே மண்வெட்டியோடு குதித்துவிட்டார். களியை வெட்டி வெட்டி அடுக்கி, காலால் மிதித்தார். ஓட்டம் மெலிந்தது, பிறகு நின்றது. பின்னால் தண்ணீர் மெல்ல ஏறி, வெடித்துக் கிடந்த கறுப்பு மண்ணை நனைத்தது. அப்பா வெட்டிய வடிகாலைத் தன் காலாலேயே மிதித்து மூடியதை நினைத்து அவர் கண்கள் கலங்கின.

"அடைச்சாச்சு. கோரை முளைக்கும், பாய்க்காரங்க தேடி வருவாங்க, எல்லாம் சரிதான். ஆனா தண்ணிய வெரட்டியே பொழைச்ச கூட்டம் தாயி நாங்க. நாளைக்கு லாரி வந்து நிக்கும். நான் அவங்ககிட்ட என்னன்னு சொல்ல?"

அம்மையார் கையிலிருந்த சேற்றைக் கழுவினார்.

"எங்க மணலு, எங்க களின்னு எனக்குத் தெரியலையே மேஸ்திரி. தெரிஞ்ச அத்தனை பேரும் லாரியில ஏறிட்டா, தண்ணி யாரைக் கேட்டுக்கிட்டுத் திரும்பி வரும்?"

கொம்பையா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வடிகாலைப் பார்த்து நடந்தார்.