பட்டியலில் முதல் பெயர்

சீனாவின் பீக்கிங் நகரில் எர்தெங்கே என்றொரு மஞ்சு இனத்து அமைச்சர் இருந்தார். சாதாரணக் காவலாளாக அரண்மனைக்குள் நுழைந்து, சக்கரவர்த்தியின் வலக்கையாக உயர்ந்தவர். புதிய சக்கரவர்த்தி வந்ததும் பதவியும் செல்வமும் ஒரே நாளில் பறிபோயின. வேலைக்காரர்கள் ஓடிவிட்டார்கள். வாயிற்காவலன் லியாங் மட்டும் போகவில்லை.

எர்தெங்கே லஞ்சம் வாங்கினார் என்று நிரூபித்துத் தலையை வாங்கிவிட வேண்டும் என்று விசாரணை அதிகாரி ஃபுஷன் துடித்தார். லியாங்கைச் சபைக்கு இழுத்துவரச் சொன்னார்.

"பரிசோடு அந்த வாசலுக்கு வந்தவர்கள் அத்தனை பேரையும் சொல். ஒரு பெயர் விட்டாலும் உன் தலை போகும்!"

"எனக்கு எழுதத் தெரியாதுங்க, பிரபு. குமாஸ்தா ஐயா எழுதிக்கட்டும். முதல் பெயர் ஃபுஷன். போன புத்தாண்டுக்கு இரண்டு கொக்குகளோடு வந்தார். அதில் ஒன்று என் தொப்பியைக் கொத்திவிட்டது."

குமாஸ்தாவின் தூரிகை அந்தரத்தில் நின்றது. சபையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

"போதும், நிறுத்து!"

"ஒன்றும் விடக்கூடாதென்றீர்களே? நீங்கள் அறுவடை விழாவுக்கு வந்தது இன்னும் பாக்கி இருக்குங்க."

ஃபுஷன் அவசரமாக எழுந்து, விசாரணை முடிந்தது என்று அறிவித்தார். எர்தெங்கே உயிர் தப்பினார்.

லியாங் திரும்பி வந்தபோது அமைச்சரே அடுப்பு மூட்டி, வாழ்நாளில் முதல் தடவையாகத் தேநீர் போட்டுக் கொடுத்தார். வாயில் வைக்க முடியாத கசப்பு.

"எப்படி இருக்கிறது, லியாங்?"

"இன்னொரு கோப்பை கிடைக்குமாங்க?" என்றான் லியாங்.