சேந்தனாரும் வராத காக்கையும்

முன்னொரு காலத்தில், வாய் இருப்பதே சாப்பிடத்தான் என்று நம்பிய மிளகு வணிகர் ஒருவர் இருந்தார். பெயர் சேந்தனார். பசி வந்தால் அவருக்குக் காது கேட்காது. இன்னும் அரை நாழிகை போனால் கண்ணும் தெரியாது. சிரிக்காதீர்கள், இவர்தான் நம் கதாநாயகர்.

அவருக்கு ஒரு பித்து உண்டு. பங்குனி பிறந்தால் போதும், கொல்லை மாமரத்தடியில் பலகை போட்டு வாழைப்பழமும் தினையும் வைத்துவிட்டு, சன்னலுக்குப் பின்னால் தூரிகையோடு உட்கார்ந்துவிடுவார். தின்ன வருகிற பறவைகளைத் துணியில் தீட்ட வேண்டும். அதிலும் அந்த மஞ்சள் மாங்குயிலைத் தீட்டிவிட்டால் பிறவிப்பயன் கிடைத்துவிடும்.

மாங்குயில் வந்தது. மஞ்சளைக் குழைத்தார். தொப்பென்று ஒரு காக்கை குதித்தது, மாங்குயில் பறந்தது. மறுநாளும் வந்தது, குழைத்தார், குதித்தது, பறந்தது. மூன்றாம் நாளும் அதே கூத்துதான். மூன்று நாளில் அவர் தீட்டி முடித்தது ஒரே ஒரு வால்.

"உனக்கு வேற வீடே கிடைக்கலையா?" என்று கத்தினார். கறுப்புத் துணியைச் செத்த காக்கை போலச் சுருட்டிக் கட்டி, மாமரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டார். ஊர்க் காக்கைகள் எல்லாம் கூடி அழுதுவிட்டுப் போயின. ஒன்றுகூடத் திரும்பவில்லை. சேந்தனாருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் அமாவாசை. வடை, பாயசம், ஐந்து வகைக் கறி. அவர் மனைவி வடிவம்மை காக்கைக்குச் சோறும் வடையும் கொண்டுபோய்ப் பலகையில் வைத்தாள். காக்கை வாய் வைத்த பிறகுதானே வீட்டில் இலை போடுவார்கள்? காக்கை வரவில்லை.

"கா... கா..." என்று கூப்பிட்டார் சேந்தனார். சுவர்மேல் ஏறிக் கூப்பிட்டார். மாமரத்தில் ஏறிக் கூப்பிட்டார். வடை வாசனை மரத்துக்கே ஏறி வந்தது.

"வடிவு, ஒரே ஒரு வடை..."

"காக்கா எடுக்காம உங்க அப்பாவுக்கு எப்படிப் போய்ச் சேரும்? பேசாம அங்கேயே உட்கார்ந்து கூப்பிடுங்க."

அந்த நேரம் பார்த்து மாங்குயில் வந்து பலகையில் அமர்ந்தது. இடப்பக்கம் காட்டியது, வலப்பக்கம் காட்டியது, வாலையும் விரித்துக் காட்டியது.

"போ சனியனே, நீ காக்கா இல்ல!" என்று விரட்டினார் சேந்தனார்.

துணிக் காக்கையைப் பிய்த்து எறிந்துவிட்டு இறங்கினார். அப்போதுதான் அந்தப் பழைய காக்கை வந்து சுவரில் அமர்ந்தது.

"செத்த காக்காய்க்கு எதுக்குங்க சோறு?" என்றது.

"தப்புதான் சாமி. ஒரு வாய் எடுத்துக்கிடுங்க."

"மொதல்ல என்னை வரைங்க. அப்புறம் பார்க்கலாம்."

உள்ளே வடை ஆறிக்கொண்டிருந்தது. கண்ணில் நீர் முட்டக் கரியைக் குழைத்தார். "கழுத்துல சாம்பல் நிறம் எங்கே?" என்றது காக்கை. சேர்த்தார். "மூக்கு அவ்வளவு பெரிசா?" குறைத்தார். "இறக்கையில வெயில் பட்டா நீலம் மின்னுமே, பார்த்ததில்லையா?"

சேந்தனார் பார்த்தார். மின்னத்தான் செய்தது! விரட்டிய அவசரத்தில் இதை ஒருநாளும் பார்க்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அதோடு, இந்த ஒரு பறவைதான் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. வாழ்நாளில் முதன்முறையாக அவர் ஒரு முழுப் பறவையைத் தீட்டி முடித்தார்.

காக்கை தலையைச் சாய்த்துப் படத்தைப் பார்த்தது. "பரவாயில்லை" என்றது. பிறகு சோற்றைக் கொத்தி, வடையைக் கவ்விக்கொண்டு பறந்தது.

"வடிவு, இலையைப் போடு!" என்று அலறிக்கொண்டு ஓடிய சேந்தனார் அன்று பதினான்கு வடை சாப்பிட்டார்.

ஆகவே பெரியோரே, சிறியோரே, வேண்டாதவர் என்று ஒருவரை விரட்டும் முன் அவரை ஒருமுறையாவது நன்றாகப் பார்த்துவிடுங்கள், உங்கள் சோறு அவரை நம்பித்தான் இருக்கலாம்.