அந்தப் பக்கத்துப் பதில்

தேவசகாயம் அண்ணாச்சி டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் லைன் இழுத்துக் கொடுத்த மனுஷனுக்குச் சொந்த மகனோடு பேச்சுவார்த்தை இல்லை. கொடுமைதான், என்ன செய்ய?

பாளையங்கோட்டையில் அவர் வீட்டின் நடுவே சுவர் எழும்பிவிட்டது. இந்தப் பாதியில் அவர் மட்டும். அந்தப் பாதியில் மகன் செல்வின், மருமகள், பேத்தி ஷைனி. அவர்கள் வாசலைக்கூடப் பின்தெருவுக்கு மாற்றிக்கொண்டார்கள். சண்டை எதற்கு என்று கேட்டால் அப்பனும் மகனும் வேறு வேறு காரணம் சொல்வார்கள். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அண்ணாச்சி வீட்டில் டிவி மட்டும்தான் பேசுகிறது.

கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஷீபாவிடம் நெட்வொர்க் படிக்கச் சேர்ந்தார். அவளுக்கு அவர் மகள் வயது. ஆனாலும் வாய் நிறைய "டீச்சர்" என்பார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். இப்போது இரண்டு வீட்டுக்கும் தனித்தனி இணையம். நடுவில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து இரண்டையும் சேர்க்க வேண்டும். தன் மேசையில் ஒரு இன்டர்காம், பேத்தி அறையில் ஒரு இன்டர்காம். பேத்தியோடு பேச மருமகளிடம் போனில் எத்தனை நாள்தான் கெஞ்சிக்கொண்டிருப்பது?

மருமகள் நல்லவள். வைஃபை பாஸ்வேர்டைச் சொன்னாள், இன்டர்காமையும் வாங்கி வைத்துக்கொண்டாள். அண்ணாச்சி எல்லாவற்றையும் மாட்டினார். வேலை செய்யவில்லை. டீச்சரை வீட்டுக்கே கூட்டி வந்தார்.

"இங்க இருந்து போகுது டீச்சர். பதில்தான் வரமாட்டேங்கு."

"ஏன்னு நினைக்கீங்க?"

"அவன்தான் அடைச்சு வச்சிருப்பான். சுவரு வச்சவன் இதையா விடுவான்?"

ஷீபா செருப்பை மாட்டினாள். "நான் அந்த வீட்டுக்குப் போயிட்டு வாரேன். நீங்க இன்டர்காமை அடிச்சுக்கிட்டே இருங்க."

அண்ணாச்சி அடித்தார். காதில் வைத்தார். ஒன்றுமில்லை. திரும்பவும் அடித்தார். பாழாய்ப்போன ரிசீவரில் ஒரு இரைச்சல்கூட இல்லை.

ஷீபா திரும்பி வந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அங்க அடிக்குதா?"

"நல்லா அடிக்குது."

"பிள்ளை எடுக்கலையோ?"

"ஓடி வந்து எடுக்கா. 'தாத்தா, தாத்தா'ங்கா. போன வாரமெல்லாம் இப்படித்தானாம். 'தாத்தா ஏன் பேச மாட்டேங்காங்க, என்மேல கோவமா'ன்னு என்கிட்ட கேக்கா."

அண்ணாச்சி ரிசீவரைக் கீழே வைத்தார். "எனக்கு ஏன் கேக்கல?"

"இந்த வீட்டுக்கு எந்தப் பக்கம் போகணும்னு அங்க உள்ள வைஃபை பெட்டிக்கு, அந்த ரவுட்டருக்குத் தெரியாது. இடம் தெரியாததை எல்லாம் அது வெளிய இணையத்துக்குத் தள்ளிரும். அவ பேசினது பூராவும் தெருவோட போயிருச்சு."

"அவன் அடைக்கலையா?"

"யாரும் எதையும் அடைக்கல."

"இப்ப என்ன செய்யணும்?"

"அந்த ரவுட்டர்ல ஒரு வரி எழுதணும். இந்த வீட்டுக்கு உள்ளதை நடுக் கம்ப்யூட்டர்கிட்ட கொடுன்னு."

"எழுதிட்டே வந்திருக்கலாமே!"

"ரவுட்டர்ல எழுதுததுக்கு வேற பாஸ்வேர்டு, அது செல்வின்கிட்டதான் இருக்கு. நீங்க போய்க் கேக்கணும்."

"ஐயோ, ஆளை விடுங்க! அவன் வாசல்ல போய் நிக்கதுக்கு நான் இப்படியே கிடந்துட்டுப் போறேன். இங்க இருந்தே ஒன்னும் பண்ண முடியாதா?"

"முடியும். நடுக் கம்ப்யூட்டர் உங்களை மறைச்சுக்கிட்டு, தானே கூப்பிடுத மாதிரிக் கூப்பிடும். அது அவங்க வைஃபைல இருக்கதால பதில் அதுகிட்ட வரும். அது உங்களுக்குத் தந்துரும். யாரையும் கேக்க வேண்டாம்."

"அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதா! பண்ணுங்க."

ஷீபா கீபோர்டை இழுத்து டைப் செய்தாள். கடைசி வரி வரை வந்து கையை எடுத்துவிட்டாள்.

"நீங்க கூப்பிட்டா அவ பேசுவா, உங்களுக்குக் கேக்கும். ஆனா அவளுக்கு ஆசை வந்தா, அவளா உங்களைக் கூப்பிட முடியாது. இப்படி ஒரு வீடு இருக்கதே அந்தப் பக்கத்துக்குத் தெரியாது."

கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அது போதும்னா எண்டரைத் தட்டுங்க, அண்ணாச்சி."

அண்ணாச்சி விரலை வைத்தார். தட்டவில்லை.