நோட்ஸைத் தின்ற ஆடு

வேலாங்குளத்தில் இங்கிலீஷ் டியூஷன் என்றால் தேவசகாயம் சார் ஒருவர்தான். வகுப்பில் மூன்று தடவை தமிழ் பேசினால் டியூஷனை விட்டே அனுப்பிவிடுவார். பத்தாவது படிக்கும் பேச்சியம்மாள் ஏற்கெனவே இரண்டு தடவை மாட்டியிருந்தாள். பரீட்சையோ அடுத்த மாதம்.

அன்று சார் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு ஆடு உள்ளே நுழைந்து, மேசைமேல் இருந்த அவருடைய நோட்ஸை மெல்லத் தொடங்கியது.

"சார், கோட்!" என்றாள் பேச்சி.

"ஃபுல் சென்டென்ஸ்!" திரும்பாமலே அதட்டினார்.

"கோட் ஈட்டிங் நோட்ஸ், சார்."

"வேர் இஸ் 'இஸ்'?"

"தி கோட் இஸ் ஈட்டிங் யுவர் நோட்ஸ், சார்."

"வெரி குட்!" என்று பெருமையாகத் திரும்பியவர் அலறினார்: "அடிப்பாவி, தமிழ்ல சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

அதற்குள் கடைசித் தாளும் ஆட்டின் வாய்க்குள் போயிருந்தது.

"சாரி சார்," என்று பணிவாகத் திருத்திச் சொன்னாள் பேச்சி. "தி கோட் ஹேஸ் ஈட்டன் யுவர் நோட்ஸ்."

முதலில் சிரித்தது சார்தான்.