மாதி கட்டுன மூணு இறகுப் பூச்சி

ஒரு மலையில ஒரு ஆறு இருந்துச்சாம். தண்ணின்னா தண்ணி, கால வச்சா பல்லு கிடுகிடுன்னு ஆடும். அதுல ட்ரவுட்டு மீனு. மேலெல்லாம் கறுப்புப் புள்ளி, விலாவுல ரோஸ் கலர்ல ஒரு கோடு. அம்புட்டு அழகு! ம் சொல்லு.

அந்த ஆத்தங்கரையில மாதின்னு ஒரு பொண்ணு, அவ அப்பாவோட இருந்தா. அப்பாதான் ஆத்துக்குக் காவல்காரரு. அவருக்கு முட்டி விட்டுப் போச்சு, வேலையும் போச்சு. அப்போ மீன் பண்ணை ஐயா வந்து சொன்னாரு: "இறகுல கட்டின பொய்ப் பூச்சியத் தூண்டில்ல போட்டு, ஆத்துல ஆழமா இருக்கற அந்த மடுவுல கிடக்கற பெரிய மீன யாரு பிடிக்கிறாங்களோ, அவங்கதான் அடுத்த காவல். இந்தக் காவல் வீடும் அவங்களுக்குத்தான். சித்திரை கடைசி வரைக்கும் பார்ப்பேன்."

"நானே பிடிக்கிறேன் ஐயா"ன்னா மாதி. இல்லேன்னா அப்பாவக் கூட்டிக்கிட்டு எங்க போவா?

அப்புறம் அவ வீட்டுச் சேவல் கழுத்துல ஒரு இறகப் பிடுங்கினா. கொக்கரக்கோன்னு ஒரே கோவம் அதுக்கு! அதத் தூண்டில் முள்ளுல சுத்தி, சிவப்பும் மஞ்சளுமா நூலக் கட்டி, கல்யாணப் பொண்ணு மாதிரி ஒரு பூச்சி பண்ணினா. ஆடி மாசம். மழை சோ...ன்னு கொட்டுது. விஷ்ஷ் விஷ்ஷ்னு கயித்தச் சுழட்டி வீசினா. ஆறு டீத்தண்ணியா ஓடுது, மீனுக்குக் கண்ணு தெரிஞ்சாத்தான? அம்புட்டு அலங்காரமும் வீணாப் போச்சு.

அப்புறம் மார்கழி. புல்லெல்லாம் வெள்ளையா உறைபனி. ரெண்டாவது இறகுல சின்னப் பூச்சி கட்டிக்கிட்டுப் போனா. மடுவுல மீனக் காணோம். எங்கடான்னு பார்த்தா, ஆத்து மேல்பக்கம், கணுக்கால் தண்ணியில, வாலால சளக் சளக்னு கூழாங்கல்லத் தள்ளிக் குழி பறிக்குது. முட்டையிட வந்திருக்கு! குனிஞ்சா அள்ளிடலாம். பூச்சி போட்டுத்தான் பிடிச்சேன்னு சொன்னா, பார்த்தவங்க யாரு?

மாதி குனிஞ்சா. வீடு கண்ணு முன்னாடி வந்துச்சு. அப்பா முட்டி வந்துச்சு. கைய இழுத்துக்கிட்டா. "பிள்ளை பெத்துக்க வந்தவளப் போயி..."ன்னு முணுமுணுத்தா. அப்போ புதருக்குள்ள சரசரன்னு நீர்நாய்! ஒரு கல்ல எடுத்து வீசினா, ஓடிப்போச்சு. அன்னிக்குப் பொழுதெல்லாம் அங்கயே விறைச்சுக் கிடந்தா பாவி மக.

தூங்கிட்டியா? ம்... சரி.

அப்புறம் சித்திரை. தண்ணி குறைஞ்சு கண்ணாடியா நிக்குது. மீன் மடுவுக்கே திரும்பிருச்சு. ஆனா மாதி நிழல் விழுந்தாப் போதும், சடக்குனு பாறைக்கடியில போயிரும். நாள் ஓடிப் போச்சு. கடைசி நாளு, ஐயா கூடையோட வந்து கரையில உக்காந்துட்டாரு. சாயங்காலம் படபடன்னு ஒரு கோடை மழை. நின்னதும் ஈசல்! பொலபொலன்னு தண்ணி மேல விழுது. மாதி ஓடிப்போய்ச் சேவலோட மூணாவது இறகப் பிடுங்கி, ஈசல் மாதிரியே கட்டினா. நிழல் பின்னாடி விழட்டும்னு சூரியன் பக்கம் பார்த்து, முட்டி போட்டு நகந்து, சத்தமில்லாம போட்டா.

பளார்! கிர்ர்ர்னு கயிறு ஓடுது. இழுத்து, விட்டு, இழுத்து... கரைக்கு வந்துருச்சு. "ஐயா, பார்த்துக்கிட்டீங்களா?"ன்னா. "பார்த்துட்டேன், கூடையில போடு"ன்னாரு.

மாதி மீனுக்கு நோகாம கைய நனைச்சு, முள்ள எடுத்து, மீனத் தண்ணியிலயே விட்டுட்டா!

"என்ன பண்ற?"

"மார்கழியில முட்டையிட வந்தப்ப நான்தான் ஐயா இதுக்குக் காவல் இருந்தேன். இப்ப எப்படிக் கூடையில போடறது?"

 ஐயா கூடையக் கவுத்து வச்சாரு. "இன்னிக்கு ஒருத்தரக் காவலுக்குச் சேர்க்கலாம்னு வந்தேன். நீ மார்கழியிலயே சேந்துட்டியேம்மா!"ன்னாரு.

அந்த மீனு இன்னும் அங்கதான் இருக்கு, கண்ணு. அதுக்கு மூட இமை இல்ல, முழிச்சுக்கிட்டேதான் தூங்கும். உனக்கு ரெண்டு இமை இருக்குல்ல? கதையும் மடுவுக்குள்ள போயிருச்சு. மூடு.