முதலாளி மேசைக்கு மேல் ஒரு விளக்கு

ஓசூர்ப் பக்கம் ஓர் எல்இடி விளக்குக் கம்பெனியில் சால்டரிங் வைப்பவள் அஞ்சுகம். விளக்குக்குள் கரண்டைச் சீராக்கும் டிரைவர் சர்க்யூட்டுக்கு இருநூற்றிருபது மைக்ரோஹென்றி காயில் வேண்டும்; முன்பு அதைத்தான் போட்டு வந்தார்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று நாற்பத்தேழைப் போட வைத்தார் முதலாளி தர்மலிங்கம். கரண்ட் தாறுமாறாக ஏறி இறங்கி, காயில் கொதித்து, விளக்குகள் கருகின.

அந்த விளக்குகளை வாங்கிய மாணவியர் விடுதிக் காப்பாளர் சீறிக்கொண்டு வந்தார். "பிள்ளைங்க தலைக்கு மேல புகையுது!"

முதலாளி அஞ்சுகத்தைக் கைகாட்டினார். "இவ சால்டரிங் சரியில்லம்மா. இன்னையோட இவளுக்கு வேலை கிடையாது. வேற ஆள் செஞ்ச புது விளக்கு தர்றேன்."

 அஞ்சுகம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போறேங்கய்யா. புது விளக்குல முதல் விளக்கைப் பொட்டு வச்சு உங்க மேசைக்கு மேல மாட்டுறது நம்ம வழக்கம். நான் தொடாத விளக்காப் பார்த்தே மாட்டிட்டுப் போறேன்."

புது விளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஏணியை இழுத்துப் போட்டு ஏறினாள்.

முதலாளி துள்ளி எழுந்தார். "ஏய், இறங்கு! என் தலைக்கு மேல அது வேண்டாம். எனக்குப் பழைய காயில் போட்ட விளக்கைக் கொண்டா!"

காப்பாளர் அவரையே பார்த்தார். "உங்க தலைக்குப் பழைய காயில், எங்க பிள்ளைங்களுக்கு இதுவா? அத்தனை விளக்குக்கும் பழைய காயில்தான் வேணும். அதையும் இந்தப் பொண்ணுதான் செய்யணும். இல்லேன்னா போலீசுக்குப் போவேன்."



அஞ்சுகம் ஏணியிலிருந்தபடியே கேட்டாள். "அப்போ இந்த விளக்கை எங்க மாட்டட்டும், ஐயா?"