நான்காவது குழி

இருதயராஜ் ஆறு வருஷம் மாடாய் உழைத்தது ஒரே ஒரு கோட்டுக்காக.

அணு இணைவு உலையின் உட்சுவர் டங்ஸ்டன் உலோகம். ஹைட்ரஜனின் கனத்த பங்காளியான டிரிட்டியம், கதிர்வீச்சுள்ள பொல்லாத வாயு, அதற்குள் நுழைந்து நுண்ணிய குழிகளில் பதுங்கிக்கொள்ளும். எவ்வளவு பதுங்கும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு கணினி மாடல். டங்ஸ்டன் தகட்டைச் சூடாக்கி, வெளிவரும் வாயுவை அளந்தால் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு கிடைக்கும். மாடலின் கோடு அதன்மேல் உட்கார வேண்டும்.

மூன்று வகைக் குழிகளை வைத்துப் பார்த்தான், மசியவில்லை. நான்காவது வகை ஒன்றைச் சேர்த்தான். கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். இருந்த கல்லூரி வேலையை உதறிவிட்டு வந்தவன், வயது முப்பத்தொன்பது. இந்தப் பட்டம் கைநழுவினால் போக்கிடம் கிடையாது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை, பாவம். வழிகாட்டி சுகுணவதியிடம் போய் நின்றான். அந்த மாடலை உருவாக்கியவரே அவர்தான்.

“மேடம், இந்த நாலாவது குழி நிஜமாவே உலோகத்துல இருக்கா?”

அவர் பென்சிலால் மேடும் பள்ளமுமாகக் கோடு போட்ட தாள் ஒன்றை நீட்டினார்.

“இதையும் பொருத்திக் காட்டுங்க.”

மதியத்துக்குள் முடித்துவிட்டான். நான்கு குழிகளின் ஆழத்தையும் கொஞ்சம் கூட்டினான், கொஞ்சம் குறைத்தான், அவ்வளவுதான். அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“அப்படியே பொருந்துது மேடம். எந்தத் தகடு இது?”

“தகடு இல்ல. ஜன்னல்கிட்ட போய்ப் பாருங்க.”

போய்ப் பார்த்தான். வெளியே மலை. இரண்டு முகடு, நடுவில் பள்ளம், வலப்பக்கம் நீண்ட சரிவு. கையிலிருந்த தாளைப் பார்த்தான். அதே கோடு.

“காலையில காபி குடிச்சுக்கிட்டே வரைஞ்சேன்” என்றார் சுகுணவதி. “எதைக் கொடுத்தாலும் பொருந்தும்.”

“இந்த மாடலை நம்பித்தானே மேடம் உலைக்குச் சுவர் கட்டறாங்க?”

“ஆமா.”

“உங்களுக்கு இது எப்போ தெரியும்?”

“நீங்க சேர்றதுக்கு முந்தின வருஷம்.”

அவன் ஆத்திரத்தோடு தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“ஆறு வருஷம், மேடம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

அவர் அந்தத் தாளை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

“இந்த உலகத்துல என் பேர்ல இருக்கிறது அந்த மாடல் ஒண்ணுதான், இருதயராஜ்.”